மாதிரி எண் 37

2025 மார்ச் 3, திங்கட்கிழமை. காலை மணி 11.40. படிவங்கள் 62-க்கு 53.

ஒன்பது குறைகிறது. கல்வியியல் துறையிலிருந்து பிரமிளா என்ற ஆராய்ச்சி மாணவி போன வாரம் வந்து, எம்.எஸ்ஸி. வேதியியல் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அறுபத்திரண்டு படிவங்கள் கொடுத்துவிட்டுப் போனார். அறிவியல் மாணவர்கள் தொழில் நெறிகளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் போகிறாராம். முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள், 'முழுமையாக ஏற்கிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை. நான் வகுப்புப் பிரதிநிதி, அதனால் திருப்பி வாங்கும் வேலை என் தலையில்.

ஒன்பது பேர் ஆளையே காணோம். என் புராஜெக்ட் வழிகாட்டி பொன்னுரங்கம் சாரிடம் சொன்னேன். "அறுபத்திரண்டு குடுத்தாங்க, அறுபத்திரண்டு போகணும். டிபார்ட்மென்ட் மானம்யா" என்றார்.

கேன்டீனில் நண்பன் சபரியும் நானும் உட்கார்ந்து ஒன்பதையும் நிரப்பினோம். நீலப் பேனா, கறுப்புப் பேனா, ரெண்டு படிவத்துக்கு இடது கை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஒவ்வொருத்தனுக்கும் ஒரு குணம் வைத்தேன். ஒருவன் கொஞ்சம் சோம்பேறி, ஒருத்தி எல்லாவற்றுக்கும் நடுநிலை.

"மச்சி, நேர்மையைப் பத்தின ஃபாரத்துக்கே ஃபோர்ஜரி பண்றோம்டா" என்று சபரி சிரித்தான். டீ மூக்கில் ஏறிவிட்டது அவனுக்கு.

12.25-க்கு 62.

மார்ச் 4, செவ்வாய். மாலை 4.15. மாதிரிகள் 48.

புராஜெக்ட் அறிக்கை கொடுத்தாயிற்று. மூன்று ஒன்றியங்களில் நாற்பத்தெட்டு ஆழ்துளைக் கிணறுகள், நாற்பத்தெட்டு பாட்டில் தண்ணீர், ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஃப்ளூரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல் கறைபடும், பிறகு எலும்பு இறுகும். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

பிப்ரவரியில் எங்கள் துறையில் ஃப்ளூரைடு அளக்க இருந்த ஒரே எலக்ட்ரோடு செத்துப்போனது. அதற்குள் நாங்கள் முடித்துவிட்டோம். நல்லவேளை.

நாங்கள் என்றால் நானும் ஷபானாவும். கையெழுத்துப் போடும்போது அவள் பேனாவை மூடி, திறந்து, மூடி, பிறகு போட்டாள். பேனா எழுதவில்லை போல.

மார்ச் 6. பகல் 2.00. பாட்டில்கள் 48.

எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தேன். முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு வேண்டுமாம். ஓசூர் மருந்துக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல்: தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம், ஏப்ரல் 16 சேர வேண்டும். நேர்முகத்தில் கேட்டார்கள், அளவு எதிர்பார்த்தபடி வரவில்லை என்றால் என்ன செய்வாய் என்று. வந்ததை வந்தபடி எழுதுவேன் என்றேன். தலையாட்டினார்கள்.

அம்மா இப்போதே ஓசூரில் வாடகை வீடு தேடுகிறார்.

மார்ச் 10, திங்கள். காலை 10.50. படிவங்கள் 9.

பிரமிளா மேடம் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒன்பது படிவங்கள், ரப்பர் பேண்டு போட்டு.

"தம்பி, இந்த ஒம்பதும் நீங்கதானே எழுதினீங்க?"

"இல்லைங்க மேடம்."

"சரி, விடுங்க. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு மட்டும் சொல்றேன். பதினாலாவது வாக்கியம் ஞாபகம் இருக்கா? 'ஆய்வில் கிடைத்த எண்ணை மாற்றுவதோ கிடைக்காத எண்ணை எழுதுவதோ எந்தச் சூழலிலும் தவறு.' உண்மையா எழுதின அம்பத்திமூணு பேர்ல இருபத்தாறு பேரு அதுக்கு நடுநிலைன்னோ மறுக்கிறேன்னோ போட்டிருக்காங்க. ஒருத்தன் ஓரத்துல 'நேரம் இல்லைன்னா என்ன பண்றது'ன்னே எழுதியிருக்கான். இந்த ஒம்பதுல மட்டும் ஒருத்தர் விடாம முழுமையா ஏற்கிறாங்க. ஒம்பது பேரும்."

நான் மேசையைத் துடைத்தேன்.

"மத்ததுல எல்லாம் அழகா மாத்தி மாத்திப் போட்டுருக்கீங்க. இதுல மட்டும் ஏன் மாத்தலை?"

தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. அந்த வரி வந்தபோது கை தானாக முதல் கட்டத்துக்குப் போயிருக்கிறது. சபரி நிரப்பிய நாலுக்கும் அந்த வரியை நான்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பதையும் நீக்குவீர்களா என்று கேட்டேன். "நீக்கணும்தான். எங்க கைடு சார் அறுபத்திரண்டு வேணும்ங்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 12, புதன். பகல் 12.10. மாதிரி 1.

பொன்னுரங்கம் சார் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் லட்டு டப்பா.

"தீர்த்தகிரி, எடுத்துக்கய்யா. நம்ம ரிப்போர்ட்டை ஒன்றிய ஆபீசுல கேட்டு வாங்கிட்டாங்க. ஏரிக்கொட்டாய் ஸ்கூல் இருக்குல்ல, அங்க உள்ள போரையே ஸ்கூல் டேங்குக்குக் கனெக்சன் குடுக்கறாங்களாம். நம்ம சாம்பிள் முப்பத்தேழு. பாயிண்ட் எட்டு ஆறு. இந்த ஏரியாவுல அப்படி ஒரு தண்ணி எங்கய்யா கிடைக்கும்? இருபத்திநாலாம் தேதி திறப்பு. ஸ்டூடன்ட் புராஜெக்ட்ட ஒருத்தன் படிச்சு ஒரு வேலை நடக்குதுன்னா, என் சர்வீஸ்ல இதான் முத தடவை."

அவர் கண்ணில் தண்ணீர். நிஜமாகவே.

லட்டு எடுத்துக்கொண்டேன். ஏலக்காய் பல்லில் மாட்டியது. 37. 0.86. சரி.

மார்ச் 13.

ரெண்டு சட்டை துவைத்தேன். வாய்மொழித் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். 37.

மார்ச் 14, வெள்ளி. மாலை 5.05. எண்கள் 12.

இந்த நாட்குறிப்பை முதல் பருவத்தில் சார் சொல்லி ஆரம்பித்தேன். "தேதி, மணி, எண்ணிக்கை. மூணும் இல்லாத பக்கம் பக்கமே இல்லை" என்பார். அந்தக் கணக்குப்படி மார்ச் 4 பக்கம் அழகான பக்கம். மூன்றும் இருக்கிறது. பொய்.

எலக்ட்ரோடு பிப்ரவரி 11 மதியம் செத்தது. அப்போது முடிந்திருந்தவை 36. மிச்சம் 12 பாட்டில்கள் மேசையில் நின்றன. புது எலக்ட்ரோடு வர இரண்டு மாதம் என்றார்கள். 37 முதல் 48 வரை உள்ள எண்களை நான் எழுதினேன். பன்னிரண்டு எண்கள், இருபது நிமிடம். பக்கத்து ஊர்க் கிணறு 36-இல் 0.91 வந்திருந்தது. அதே மண்தானே என்று 37-க்கு 0.9 போட்டேன். முழுசாக இருந்தால் கண்ணை உறுத்தும் என்று அடித்துவிட்டு 0.86 ஆக்கினேன்.

இதில் நான் கெட்டிக்காரன். பி.எஸ்ஸி. முதல் வருடத்திலேயே கற்றது. செய்முறைத் தேர்வில் விடை என்ன வர வேண்டும் என்று முந்தின பேட்ச் சொல்லிவிடும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு பியூரெட் குழாயில் இறங்கிய அளவை எழுத வேண்டும். மூன்று அளவும் ஒன்றாக இருந்தால் பச்சையாகத் தெரியும், ஒன்றில் மட்டும் 0.1 தள்ளிப் போட வேண்டும். அந்த 0.1-ஐ எங்கே போடுவது என்று வகுப்பே என்னிடம் கேட்கும். நான் யாரையும் ஏமாற்றுவதாக நினைத்ததே இல்லை. அந்தக் கரைசலை யாரும் குடிக்கப் போவதில்லை.

ஷபானாவை நூலக வாசலில் பிடித்தேன்.

"ஸ்கூல் விஷயம் தெரியுமா?"

"சார் லட்டு குடுத்தாரு. நான் சாப்பிடலை."

"ஒருவேளை 0.86 சரியாவே இருக்கலாம்ல?"

"இருக்கலாம். நாலாவும் இருக்கலாம். உனக்குத் தெரியுமா கிரி? எனக்குத் தெரியாது. நான் அன்னைக்கே சொன்னேன், சாயம் போட்டுப் பாக்குற பழைய மெத்தட் இருக்கு, ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்னு. நீ என்ன சொன்ன?"

என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ரெண்டு நாள் யாருகிட்ட இருக்கு?"

அந்த ரெண்டு நாளில் நான் என்ன செய்தேன் என்று பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். கிரிக்கெட். ஓசூர் நேர்முகத்துக்கு ஷூ வாங்கப் போனது.

மார்ச் 17, திங்கள். காலை 9.20. பாட்டில்கள் 3.

முதல் வருடத்துப் பெண்ணிடம் நான் கழுவிக் கொடுத்த பாட்டிலையே மூன்று திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஏரிக்கொட்டாய். ஜனவரியில் இங்கே வந்து பாட்டிலில் பிடித்தது ஷபானா. நான் நிழலில் பைக் மேல் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் எண்பத்து நாலு பிள்ளைகள். தலைமை ஆசிரியர் லோகநாயகி மேடம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "நம்ம தண்ணி ரிப்போர்ட் போட்ட சாரு" என்று ஐந்தாம் வகுப்பை வணக்கம் சொல்ல வைத்துவிட்டார். எண்பத்து நாலு பேரும் சேர்ந்து சொன்ன மாதிரி இருந்தது.

சமையல் கூடத்தில் மாரக்கா. சத்துணவுக்குச் சமைப்பவர். வயது ஐம்பதுக்குள்தான், ஆனால் உட்கார்ந்து எழும்போது சுவரைப் பிடிக்கிறார்.

"என்னா தம்பி, மறுக்காவும் தண்ணி புடிக்கிற?"

"சும்மா ஒரு தடவை செக் பண்றதுக்குக்கா."

"நல்லா பாரு. என் பல்ல பாத்தியா?" என்று சிரித்துக் காட்டினார். பழுப்புக் கோடுகள். "நான் பொறந்த ஊரு தண்ணி குடுத்த சீரு. இந்தப் பிள்ளைங்களுக்கு வரக்கூடாதுன்னு மேடம் ஊர்க்கோடி டேங்குக்கு வர்ற ஆத்துத் தண்ணிதான் குடிக்கக் குடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. தெனம் பன்னெண்டு கொடம், நான்தான் தூக்கறேன். முட்டி போச்சு. இருபத்திநாலாந்தேதியில இருந்து நிம்மதி. பைப்ப தொறந்தா தண்ணி. நீ நல்லாருப்ப சாமி."

பாட்டில்களை நிரப்பினேன். மூடிகளை இறுக்கித் திருகினேன்.

"இரு, குடிச்சிட்டுப் போ" என்று அந்தப் போர் தண்ணீரையே ஒரு சொம்பில் கொடுத்தார். இனிமேல் பயமில்லை என்று காட்டுவதற்காக அவரும் ஒரு வாய் குடித்தார். குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. ஃப்ளூரைடுக்கு ருசி கிடையாது.

மார்ச் 18, செவ்வாய். பகல் 3.30. அளவீடுகள் 3.

பழைய முறை. சிவப்புச் சாயத்தில் தண்ணீரைச் சேர்த்தால் ஃப்ளூரைடு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நிறம் வெளுக்கும். எவ்வளவு வெளுத்தது என்று கருவி சொல்லும்.

37-ஐச் சேர்த்ததும் என் கண்ணுக்கே தெரிந்தது. அளவுகோலுக்கு வெளியே போய்விட்டது. நாலு மடங்காக நீர்க்கச் செய்து மறுபடி போட்டேன்.

3.9. 4.1. 4.0.

உண்மையைச் சொல்கிறேன்: முதல் எண் வந்தபோது நோட்டில் 1.4 என்று எழுதினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அது ஒன்றரைக்குள் இருக்கிறது. அடித்துவிட்டு 3.9 எழுதினேன். அடித்த கோடு அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 19, புதன். காலை 10.15.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. அவர் கதவைச் சாத்தினார்.

"பன்னெண்டா?"

"பன்னெண்டு சார்."

மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு, "சரி. கோடை ஆரம்பிச்சிருச்சு. நிலத்தடி நீர் எறங்கினா ஃப்ளூரைடு ஏறும். ஜனவரியில 0.86, மார்ச்சுல 4. சீசனல் வேரியேசன். ரெண்டும் சரி. அப்படி ஒரு லெட்டர் எழுதிட்டு வா, நான் கையெழுத்துப் போட்டு ஒன்றியத்துக்கு அனுப்பறேன். ஸ்கூலும் தப்பிச்சுது, நீயும் தப்பிச்ச."

"மிச்சம் பதினொண்ணு சார்?"

"அதுல யாரும் பைப் போடலையே."

"சார்…"

"யோவ், உனக்கு இருபத்தாறாம் தேதி வைவா. அந்தப் பொண்ணுக்கும்தான். எனக்கு இன்னும் ஒன்றரை வருசம் சர்வீஸ். லெட்டரை எழுதிட்டு வாய்யா."

திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

மார்ச் 20, வியாழன். மாலை 4.40. வரிகள் 14.

கடிதம் எழுதினேன். பதினாலு வரி. பருவநிலை, நிலத்தடி நீர்மட்டம், மேலதிக ஆய்வின் அவசியம். படித்துப் பார்த்தால் நானே நம்புகிறேன். அந்த 0.1 தள்ளிப் போடுகிற அதே கை.

சார் அறை பூட்டியிருக்கிறது. சென்னையில் கருத்தரங்கமாம்.

மார்ச் 21.

பூட்டு. போன் எடுக்கவில்லை. மெஸ்ஸில் சாம்பார் உப்பு. தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்து, பார்த்து, வைத்துவிட்டேன். சபரி, "என்னடா, டம்ளரை லேபுல மாதிரி டைட்ரேசன் பண்ற?" என்றான். அவனை அடிக்கப் போனேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 22, சனி. காலை 11.00. போன் அழைப்புகள் 5.

ஐந்தாவது தடவை ஒன்றிய அலுவலக எஞ்சினியர் எடுத்தார்.

"சார், ஏரிக்கொட்டாய் ஸ்கூல் தண்ணி குடிக்கிறதுக்கு ஆகாது. நாலு இருக்கு."

"யாரு பேசறது?"

"அந்த ரிப்போர்ட் எழுதினவன் சார்."

"தம்பி, நீங்க எழுதின பேப்பர்ல பாயிண்ட் எட்டு ஆறுன்னு இருக்கு, உங்க புரொபசர் கையெழுத்து இருக்கு. இப்ப போன்ல நாலுங்கறீங்க. நான் எதை நம்பறது? நாங்களும் ஒரு சாம்பிள் அனுப்பியிருக்கோம், ரிசல்ட் வர பதினைஞ்சு நாள் ஆவும். திங்கக்கிழமை பத்தரைக்குத் திறப்பு, பந்தல் போட்டாச்சு. எழுத்துல குடுங்க, நிறுத்தறேன். எழுத்துல ஏன் மாறுச்சுன்னு இருக்கணும். காரணம் இல்லாம என்னால நிறுத்த முடியாது."

ஏன் மாறியது. சார் சொன்ன காரணத்தை எழுதிக் கொடுத்தால் திங்கள்கிழமை நிற்கும். மழை பெய்ததும் மறுபடி திறப்பார்கள். பருவநிலைதானே, ஜனவரியில் 0.86 வருமே என்று. என் கடிதத்தை வைத்தே திறப்பார்கள்.

ஆய்வகத்தில் உட்கார்ந்து இன்னொரு கடிதத்துக்குப் புதுத் தாள் எடுத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு. மாலை 6.10. கடிதங்கள் 2.

ஷபானா விடுதி வாசலுக்கு வந்தாள். இரண்டு கடிதத்தையும் கொடுத்தேன். பதினாலு வரிக் கடிதத்தைப் படித்து, "நல்லா எழுதியிருக்க" என்று நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது மூன்றே வரி. அதை இரண்டு தடவை படித்தாள்.

"உன் பேரை விட்டுட்டேன்" என்றேன்.

"ஏன்? நான் கையெழுத்துப் போடலையா? என் பேரையும் போடு."

"உனக்கு டிகிரி போயிரும் ஷபானா."

"போவும். ஆனா அந்தப் பன்னெண்டு நம்பரும் நீ தனியா எழுதினதுன்னும் போடு. நான் பாத்துட்டு சும்மா இருந்தேன்னு போடு. ரெண்டும் ஒண்ணு இல்ல. நடந்தது நடந்தபடி இருக்கட்டும், ஒரு தடவையாச்சும்."

பிறகு சுவரில் சாய்ந்து அழுதாள். அவள் அப்பா இவள் பட்டமளிப்புக்கென்று சவூதியிலிருந்து லீவு சொல்லி வைத்திருக்கிறார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வீடு பார்த்துவிட்டாராம், ஜன்னல் கிழக்கே இருக்கிறதாம்.

நாளை செய்ய வேண்டியவை:

1. காலை 5.50 பஸ். மூன்று வரிக் கடிதம் இப்போது நாலு வரி. ஐந்து பிரதி, ஒன்று முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள. "மாதிரி 37 முதல் 48 வரை சோதிக்கப்படவில்லை. அந்த எண்களைத் தீர்த்தகிரி ஆகிய நான் கற்பனையாக எழுதினேன். ஷபானா அதை அறிந்தும் கையெழுத்திட்டார். மார்ச் 18 அன்று சோதித்தபோது 37-இல் கிடைத்தது 4.0." பதினாலு வரிக் கடிதத்தைக் கிழித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

2. 8.00, பள்ளிக்கூடம். லோகநாயகி மேடத்திடம் ஒரு பிரதி. மாரக்காவிடம் நேரில் சொல்ல வேண்டும். அப்ப கொடம் யாரு தூக்கறது என்று கேட்பார். நாளைக்குப் பன்னிரண்டு குடமும் நான்.

3. அந்தக் குடங்களுக்கு முன்னால், 9.00, ஒன்றிய அலுவலகம். எஞ்சினியர் கையில் கொடுத்து முத்திரை வாங்காமல் நகரக் கூடாது.

4. துறைத் தலைவருக்கு ஒன்று. பொன்னுரங்கம் சார் அறைக் கதவின் கீழே ஒன்று. அவர் என்னிடம் சொன்ன பருவநிலைக் காரணத்தையும் கேட்டால் சொல்வது. கேட்காவிட்டாலும் சொல்வது.

5. ஓசூர் கம்பெனிக்கு நானே போன் செய்வது. அம்மாவுக்கு அதற்கு முன்.

6. பிரமிளா மேடத்திடம் அந்த ஒன்பது படிவங்களை யார் எழுதியது என்று எழுதிக் கொடுப்பது. என் சொந்தப் படிவத்தையும் திரும்பக் கேட்பது. பதினாலாவது வரியில் நானும் முதல் கட்டத்தில்தான் டிக் போட்டிருந்தேன்.

7. பதினொரு பாட்டில்கள். 38-இலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 38 எந்த ஊர் என்று எனக்கு நினைவில்லை. ஷபானாவிடம் கேட்க வேண்டும். அங்கே யார் குடிக்கிறார்கள் என்றும்.